வேலம்பாசி அழுகிய கோடை

கல்வராயன் மலையில் ஓர் ஓடை மடுவுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பாசியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அப்போது என் வேலை. தாவரவியல் ஆராய்ச்சி மாணவி என்று பெயர். கள்ளக்குறிச்சியில் என் வீட்டார், "இத்தினி படிச்சிட்டு பாசி வழிக்கப் போறா" என்று கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குப்பியில் பிடித்துப் போகிற தண்ணீர் அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். அதே இடத்தில் வேரூன்றி நிற்கிற செடி, பல வாரங்களாகத் தண்ணீர் பட்ட பாட்டையெல்லாம் சொல்லும். இதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

புரிந்துகொண்டவள் மலையில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா. நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை அவளுக்கு. கோடையில் ஓடை வற்றிவிடும், ஊருக்கே குடிதண்ணீர் அந்த மடுதான். அடியில் வேர்விட்டு வளரும் வேலம்பாசிச் செடி பச்சையாக நிமிர்ந்து நின்றால் தண்ணீருக்குக் குறையில்லை, அது பழுத்து வழவழத்தால் ஏதோ ஆகாதது கலந்திருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து குடத்தை முக்குமுன் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்வாள். எனக்கு அதில் பெருமை தாங்காது.

அந்தச் சித்திரையில், கீழே சமவெளியிலிருந்து வந்த ஆட்கள் சிலர் மடுவுக்கு மேலே புதருக்குள் பேரல்களில் சாராய ஊறல் போட்டிருந்தார்கள். வெல்லமும் மரப்பட்டையும் போட்டுப் புளிக்கவைத்த கஷாயம் அது. போலீஸ் வந்தபோது ஆட்கள் ஓடிவிட்டார்கள், ஊறல் இருந்தது. அதை அழிக்க வேண்டும். போலீஸ்காரர்கள் ஓடைக்கரையிலேயே கவிழ்க்கப் போனார்கள்.

"சார், இங்க ஊத்தாதீங்க சார். ஊரே குடிக்கிற தண்ணி. தள்ளி ஒரு குழி வெட்டி ஊத்துங்க" என்று கெஞ்சினேன்.

"பாறையில எங்கம்மா குழி வெட்றது? அப்படியே வுட்டுட்டுப் போனா நாளைக்கே வந்து காய்ச்சுவானுங்க" என்றார் அதிகாரி. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னா, அவனுங்களுக்கு வேண்டியவளா?"

நான் கத்தினேன். கத்தினால் என் குரல் கீச்சென்று போய்விடும். ஒரு காவலர் சிரித்தார். பேரல்களை உதைத்துத் தள்ளினார்கள். ஊறல் பாறையில் வழிந்து மடுவில் இறங்கியது. அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள இன்றுவரை முடியவில்லை.

மறுநாள் மீன் மிதந்தது. அடுத்து வேலம்பாசி மஞ்சளாகி, தொட்டால் விரலில் கரைந்தது. கற்களின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று படர்ந்து நாறியது. பெண்கள் மலைச்சரிவு ஏறி, பாறைக் கசிவில் சொட்டுச் சொட்டாகப் பிடித்து வந்தார்கள். நான் ஓடையின் மேல்பகுதியில், வற்றிச் சேறாகிவிட்ட ஒரு குழியில் இன்னும் பச்சை மாறாதிருந்த பாசியைப் பிடுங்கி வந்து, கல் கட்டி மடுவில் நட்டேன். அழுகியது. மறுபடி நட்டேன். இதெல்லாம் எந்த ஆராய்ச்சி முறையிலும் கிடையாது, எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

"செடி வந்துச்சா, தங்கச்சி?" என்று அக்கா தினமும் கேட்பாள். இல்லை என்பேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறிப் போவாள்.

ஒருநாள் உச்சிவெயிலில் மடுவுக்கு வந்தால், அக்கா குடத்தை முக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வேணாங்கா. பாசி இன்னும் தலையெடுக்கல."

"எனக்குந்தான் கண்ணு தெரியுது. மேல கசிவு காஞ்சிப்போச்சு. வேற எங்கனா தண்ணி இருந்தா சொல்லு, போய் எடுத்துக்கினு வரேன்."

எனக்குச் செடி தெரியும். வேறு தண்ணீர் தெரியாது. அவள் கையை விட்டேன்.

வீட்டில் அதைப் புடவைத் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்து ஆற்றினாள். குழந்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடித்தது. இன்னும் வேண்டும் என்று என்னிடம் நீட்டியது.