ஒண்ணும் பண்ணாத மனிதர்

பல் துலக்கிக்கொண்டே இடது கட்டைவிரலால் 'இப்போதே புதுப்பி' என்பதை அழுத்துகிறார். வாய் நிறைய நுரை இருப்பதால் மகிழ்ச்சியை வெளியே சொல்ல முடியவில்லை, புருவத்தால் சொல்கிறார். கைபேசி அணைந்து, கறுத்து, நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. அது நிற்கும்வரை அவர் வாய் கொப்பளிப்பதில்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனின் முகம்.

'புதிய பதிப்பு வந்துள்ளது' என்று ஓர் அறிவிப்பு தலைகாட்டினால் நாமெல்லாம் 'பிறகு' என்று தள்ளிவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போய்விடுவோம். அவரால் முடியாது. தொலைக்காட்சி, கைக்கடிகாரம், காருக்குள் பாடும் பெட்டி என்று அவர் கண்ணில் படும் எதுவும் பழைய பதிப்பில் இருக்கக்கூடாது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் புதுப்பிப்பு உண்டு என்று தெரியவந்த நாளில், பாதித் துவையலில் அதை நிறுத்திப் புதுப்பித்தார். போர்வைகள் மறுநாள்வரை உள்ளே ஊறிக்கிடந்தன.

"இப்ப என்னங்க புதுசா செய்யுது?" என்று கேட்டார் மனைவி.

"முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுக்கும்ல, அது மாறியிருக்கு. கவனிச்சியா?"

ஒவ்வொரு பதிப்போடும் வரும் 'புதிதாக என்ன' என்ற குறிப்பை உட்கார்ந்து படிக்கும் மனிதர் அவர். "'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன'ன்னு போட்டிருக்கான். என்ன பிழைன்னுதான் சொல்ல மாட்டேங்குறான். ஆனாலும் தப்ப ஒத்துக்கிறான் பாரு, அந்த மனசு யாருக்கு வரும்?" கருத்துக் கேட்டு வரும் படிவங்களையும் விடுவதில்லை. நட்சத்திரம் கொடுத்து, காரணமும் எழுதி, வணக்கம் வைத்துத்தான் அனுப்புவார்.

அலுவலகத்தில் அவருக்கு 'வெர்ஷன்' என்று பெயர். தொழில், மோதிக்கொண்ட வண்டிகளைப் பார்த்துவிட்டுத் தவறு யார் மேல் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுவது. நசுங்கிய கதவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பெயிண்ட் உரிந்த கோட்டின்மேல் விரலை ஓட்டுவார். பிறகு தலையைத் தூக்காமலே, "இடிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பண்ணீங்க?" என்பார். பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் ஒண்ணும் பண்ணல சார்." இந்த வாக்கியத்தை அவர் இதுவரை நம்பியதில்லை. "ஒண்ணும் பண்ணாதவன் வண்டி ஷெட்டுலல்ல நிக்கணும்? ரோட்டுல எதுக்கு நசுங்குது?" என்று மாலையில் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

மனைவி கட்டட வரைபடம் வரைபவர். பிள்ளைகள் பிறந்தபோது விட்ட வேலை. அவர்கள் தோளுக்கு மேல் வளர்ந்து, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கியபின், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் மடிக்கணினியை வைத்துப் புதிய வரைகலை மென்பொருளைத் தானாகக் கற்றுக்கொண்டார். ஒரு நிறுவனம் திரைவழி நேர்காணலுக்கு அழைத்தது. பத்தரை மணிக்கு அவர்கள் கண்ணெதிரே ஒரு வரைபடத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். மென்பொருளும் படங்களும் அந்த ஒரு கணினியில்தான். முகத்தைக் காட்டக் கைபேசி போதும். சுவரை நகர்த்திக் காட்ட அது போதாது.

முந்தின மாலை மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, நம்மவர் மேசைப் பக்கம் போனார். திரையின் மூலையில் அறிவிப்பு ஒன்று அடக்கமாக நின்றிருந்தது. புது வேலைக்குப் புதுப் பதிப்போடு போகட்டுமே என்ற நல்லெண்ணம், வேறொன்றுமில்லை.

காலையில் கணினி எழுந்தது. சின்னம் வந்தது, வட்டம் சுழன்றது, திரை நீலமானது. 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. மீண்டும் தொடங்குகிறோம்' என்று வருத்தம் தெரிவித்துவிட்டு அணைந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி வருத்தப்பட்டது. தவறு என்கிறதே தவிர யாருடைய தவறு என்று சொல்லவில்லை. தொழில்முறையில் அவருக்கு அது உறுத்தியது.

மனைவி கத்தவில்லை. ஈரத் தலையில் துண்டோடு வந்து நின்று, தன் தம்பிக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து மேசைமேல் கிடத்திவிட்டு நகர்ந்தார். மைத்துனன் வெளியூரில் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பராமரிக்கிறவன்.

"மாமா, கடைசியா என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல மச்சான்."

சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. இடம் பிடிபடவில்லை.

மைத்துனன் வழி சொன்னான். வருத்தம் தெரிவிக்கும் கட்டத்தில் மூன்று முறை அணைத்தால், நான்காம் முறை வேறொரு திரை வரும். அதில் 'சேஃப் மோட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டம் வேண்டாம், வீட்டுக்காரர் மட்டும் உள்ளே வரட்டும் என்கிற மாதிரியான தொடக்கம் அது. கணினி எழுந்தது. எழுத்துகள் மட்டும் பூதம்போலப் பெருத்திருந்தன.

"புது வெர்ஷன் போட்டிருப்பீங்கன்னு தெரியும், ஆனா அது மேல தப்பில்ல. அது எழும்போது கூடவே எழுந்து ஓடுற ஏதோ ஒரு புரோகிராம்தான் முட்டுது. எல்லாத்தையும் நிறுத்துங்க மாமா. அப்புறம் ஒவ்வொண்ணா ஆன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. எதுல விழுதோ அதுதான் ஆளு."

விபத்து விசாரணை! நாற்காலியில் நிமிர்ந்தார். பட்டியலில் இருந்தவை அநேகமாக மனைவி போட்டுக்கொண்டவை. முதல் சந்தேகம் வரையும் பலகையின் மேல். அதை இயக்கினார், கணினி ஒழுங்காக எழுந்தது. அளவுகளை மாற்றும் கணிப்பானை இயக்கினார், எழுந்தது. அடுத்தது, மழைச் சத்தம் எழுப்பும் சின்ன மென்பொருள்.

"இது எதுக்கும்மா? இதுவாத்தான் இருக்கும்!"

"வேலை செய்யும்போது வீட்டுச் சத்தம் கேக்காம இருக்க."

"இங்க யாரு சத்தம் போடுறா?" என்று அவர் உரக்கக் கேட்டார்.

போனுக்குள் மைத்துனன் இருமினான். மழையும் குற்றமற்றது. எழுத்துருக்கள், அச்சுப்பொறி, திரையில் கோடு பிடித்துக்கொடுக்கும் கருவி என்று ஒவ்வொன்றும் வந்து நின்று, விடுதலையாகிப் போயின. மனைவி இஸ்திரி போட்ட சட்டையில் பொத்தான் மாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தை நெருங்கிவிட்டது. பொத்தானைத் தவறான துளையில் மாட்டினார். கழற்றி மறுபடி மாட்டினார். "இல்லேன்னா அவங்ககிட்ட இப்பவே சொல்லிடட்டுமாங்க?" என்று கேட்ட குரல் முதல் முறையாகத் தாழ்ந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விரல் ஓடியிருக்காது.

"எல்லாம் முடிஞ்சுதா மாமா?"

"முடிஞ்சுது மச்சான். அதான் புரியல."

"எல்லாமேவா?"

"ஒண்ணு இருக்கு. 'மின்னல் தோழன்'. அது காவலுக்கு இருக்கிறது. கம்ப்யூட்டர வேகமாக்கும்."

"யாரு போட்டது?"

"அது... இருந்துச்சு."

"தானா முளைச்சுதா?"

போன வருடம் மனைவியின் பிறந்தநாளைக்குக் கேட்காமலே அவர் போட்டுக்கொடுத்த பரிசு அது. இயக்கினார். சின்னம், வட்டம், நீலம், வருத்தம்.

"அடங்கப்பா" என்றான் மைத்துனன். "மறுபடி சேஃப் மோட்ல நுழைஞ்சு அத நிறுத்துங்க மாமா. அப்புறம் அதத் தூக்கிப் போட்டுடுங்க. அக்காவ நல்லா பேசச் சொல்லுங்க. நான் வைக்கிறேன்."

தோழனை நிறுத்தியதும் கணினி ஒரு சொல் முணுமுணுக்காமல் எழுந்தது. படங்கள் இருந்தன, மென்பொருள் திறந்தது. ஒரு வீட்டின் தரைத்தளம் திரையில் விரிந்தபோது பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். அவர் தோழனை நீக்கினார். போகிற போக்கில் அது ஒரு படிவத்தை நீட்டியது: 'எங்களை ஏன் பிரிகிறீர்கள்?' வேகம் போதவில்லை, விலை அதிகம், வேறொன்று கிடைத்துவிட்டது, மற்றவை.

"என்னதாங்க பிரச்சினை?" என்று கேட்டார் மனைவி.

நம்மவர் படிவத்தின் பக்கம் திரும்பி, 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே இருந்த கட்டத்தில் இரண்டு விரல்களால் தட்டத் தொடங்கினார். எத்தனையோ வண்டிகளுக்கு எழுதிப் பழகிய நடைதான் வந்தது: 'விபத்துக்கு முழுப் பொறுப்பு, கேட்காமல் நிறுவியவரும் நேற்று மாலை கேட்காமல் புதுப்பித்தவருமான ஒரே நபர். எதிர்த்தரப்பின் மேல் தவறு ஏதும் இல்லை.'

எழுதியதைப் படித்துப் பார்த்தார். மிகையாகத் தோன்றியிருக்க வேண்டும். விரல் மெல்ல அழிக்கும் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

அவர் தோளுக்கு மேலாக, மடிப்புக் கலையாத சட்டைக் கை ஒன்று நீண்டு வந்து, 'அனுப்பு' என்பதை அழுத்தியது.