எண்பத்திரண்டு கிலோவுக்கு வாங்கிய ஃபோர்க்

செருப்பு கழன்று விழுந்ததுதான் முதல் அறிகுறி. திருச்சுழி பஸ் ஸ்டாண்டிலிருந்து என் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர், "அண்ணாச்சி, செருப்ப விட்டுட்டுப் போறீகளே" என்றார். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அப்படியே நடந்து வந்திருக்கிறேன். சூடு தெரியவில்லை.

மறுநாள் இரண்டு காலும் கனத்தன. அடுத்து கை. மாட்டுத்தீவனக் கடை என்னுடையது. தவிட்டு மூட்டையின் வாயைத் தைக்க ஊசி பிடிக்க முடியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, கில்லன் பாரே நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் நம் நரம்புகளைத் தாக்குவது) என்றார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்த நோயில் விழுந்து எழுந்து, இப்போது சைக்கிள் ஏறப் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மருந்தைப் பற்றி உங்கள் டாக்டர் சொல்வார். ஃபோர்க்கைப் (சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை) பற்றி யாரும் சொல்லமாட்டார்கள்.

இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். மூச்சு நிற்காமல் தப்பித்தேன். கையும் காலும் நனைந்த துணிபோலக் கிடந்தன. என் மனைவி முத்துலட்சுமிதான் புரட்டிப் படுக்கவைத்தாள், குளிப்பாட்டினாள், ஊட்டினாள். விழுந்தது ஒரு வாரத்தில். எழுந்து நிற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இந்த நோய் விட்டுப்போகும் சோர்வைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தூங்கினாலும் அது போகாது. சட்டைப் பொத்தான் போட்டு முடித்ததும் உட்கார வேண்டும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "அதான் நல்லாயிட்டீகளே" என்பார்கள். அவர்களுக்காகச் சிரிப்பதும் ஒரு வேலை. அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

அதுவரை கடையை நடத்தியவள் முத்துலட்சுமிதான். காலையில் நானாகப் போய்க் கடையைத் திறக்க வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மதுரை டாக்டரம்மா பைக் கூடாது என்றார். "பிரேக் பிடிக்கிற வேகம் கைக்கு இன்னும் வரல. சைக்கிள் ஓட்டுங்க, காலுக்கும் நல்லது. ஆனா கை திரும்ப மரத்தா உடனே வரணும். இது சில பேருக்கு ரெண்டாவது தடவையும் வரும்."

குரூஸர் சைக்கிள் வாங்கினேன். தாழ்ந்த சட்டம், அகல சீட்டு, நம்மை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில். நிமிர்ந்து உட்காரலாம், தடுமாறினால் காலை ஊன்றலாம். ஆனால் முன்ஃபோர்க் வெறும் இரும்பு. எங்கள் பக்கம் கரிசலில் போட்ட ரோடு கோடையில் வெடிக்கும், மழையில் பொங்கும். ஒவ்வொரு குலுக்கலும் மணிக்கட்டில் வந்து நின்றது. குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் வைத்த ஃபோர்க் மாட்டலாம் என்று அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் பாய் பழக்கமானவர். மூன்று ஃபோர்க்கை எடுத்துப் போட்டார். நான் உயரமானதைத் தொட்டேன்.

"அது மலையில ஓட்டுறவுகளுக்கு அண்ணாச்சி. நீளம் கூடுதல். முன்பக்கம் தூக்கிரும், நீங்க பின்னால சாஞ்சு ஹேண்டில எட்டிப் பிடிக்கணும். குரூஸருக்குக் குட்டைதான் சரி."

இரண்டாவதில் என் பருத்த டயர் நுழையாது. மூன்றாவது பொருந்தியது. கழுத்துக் குழாயின் அளவும் பிரேக் மாட்டும் இடமும் சரியாக இருந்தன. உள்ளே போடும் ஸ்பிரிங்கில் மெத்து, கெட்டி என்று இரண்டு வகை.

"உங்க எடை எம்புட்டு?"

"எண்பத்திரண்டு" என்றேன். யோசிக்கவே இல்லை. பேரைக் கேட்டால் பேரைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "அப்ப கெட்டி. லோடும் ஏத்துவீகல்ல?" என்றார். ஏற்றுவேன் என்றேன். எங்கள் ஊரில் ஒரு பொருள் 'லோடு தாங்கும்' என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

ஒரு வாரம் ஓட்டினேன். சுண்டு விரலிலும் அதற்கு அடுத்த விரலிலும் எறும்பு ஊர்ந்தது. பிறகு உள்ளங்கை மரத்தது. செருப்பு விழுந்த அன்றைக்கு இருந்த அதே மரப்பு.

முத்துலட்சுமியிடம் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்தேன். மறுபடியும் என்னைப் புரட்ட அவள் உடம்பிலும் தெம்பில்லை, புரட்டப்பட என் மனதிலும் தெம்பில்லை. செத்துவிடுவேன் என்ற பயம் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்ற அலுப்புதான் பயமாக இருந்தது.

அவளே கண்டுபிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனாள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளப்பது) செய்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "நோய் திரும்பல" என்றார். "உள்ளங்கை ஓரத்துல ஒரு நரம்பு ஓடுது. அதுல தொடர்ந்து இடி விழுந்திருக்கு. கையில என்ன பண்றீங்க?"

"சைக்கிள் ஓட்டுறேன். ஆனா அதுல ஷாக் இருக்கே" என்றேன்.

"இருந்தா இடிக்காதே" என்றார். அவருக்கும் புரியவில்லை. கொஞ்ச நாள் ஓட்டாதீர்கள் என்று அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் முத்துலட்சுமி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஃபோர்க்கின் மேல்குழாய் பளபளப்பானது. முன்பக்கம் அமுங்கும்போது அது கீழ்க்குழாய்க்குள் போய்வரும். அதன்மேல் கரிசல் புழுதி அடிமுதல் மேல்வரை அப்பியிருந்தது.

"ஏங்க, இது உள்ள போயி வருமின்னுதானே சொன்னீக? போயிருந்தா புழுதி வழிச்சுப் போயிருக்குமே. இது அசையவே இல்ல."

நான் ஹேண்டிலை அழுத்தினேன். அசையவில்லை. என் முழு பாரத்தையும் போட்டேன். பெயருக்கு அமுங்கியது. எடையைக் கேட்டுத்தான் பாய் ஸ்பிரிங் போட்டார் என்றேன். எந்த எடையைச் சொன்னேன் என்று அவள் கேட்டாள். சொன்னேன். துணியைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்குள் போனாள்.

எங்கள் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. அகலமான தட்டு, எண் காட்டும் பெட்டி. தினமும் தொட்டுக் கும்பிட்டுத்தான் முதல் மூட்டையை வைப்போம். ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் அதற்குத்தான் முதலில். சோறு போடும் தராசு; அதன்மேல் யாரும் கால் வைப்பதில்லை. ஊர் மாட்டுக்கெல்லாம் நிறுத்துப் போட்ட நான் அதில் ஏறியதே கிடையாது. ஆஸ்பத்திரியில் சேரும்போதும் எடையை வாயால்தான் சொன்னேன். பின்னால் போனபோதெல்லாம் முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள். வேட்டி கட்டுகிறவனுக்கு இடுப்பு சிறுத்ததும் தெரிவதில்லை, கூட ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறோம்.

அவள் தட்டின்மேல் புதுச் சாக்கை விரித்தாள். "கால் வைக்கத்தானே கூடாது. உக்காருங்க."

தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பின்பக்கமாக நகர்ந்து ஏறிச் சம்மணம் போட்டேன். சரக்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"சாக்கு எடையைக் கழிச்சிரு" என்றேன். தொழில் பழக்கம்.

"கழிக்கிறதுக்கு இருந்தால்ல கழிக்க" என்றாள். "அம்பத்தேழு."

நான் நம்பவில்லை. திரும்பி எண்ணைப் பார்த்தேன். என்னிலிருந்து ஒரு புண்ணாக்கு மூட்டையின் பாதி எங்கேயோ போயிருந்தது. அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஒங்கள பொரட்டிப் போட்டவ நானு. மாசாமாசம் கொறைஞ்சது என் கைக்குத் தெரியாதா? நீங்க கேக்கல. நானும் சொல்லல."

தராசின்மேல் உட்கார்ந்தபடியே அழுதேன். எண் ஐம்பத்தேழுக்கும் ஐம்பத்தாறுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

காதர் பாய் மெத்து ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கே சந்தேகப்பட்டாராம், நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாராம். நீங்களும் ஃபோர்க் எடுக்கப் போகுமுன் ஒரு தராசில் ஏறுங்கள். வாயில் இருக்கும் எடையைச் சொல்லாதீர்கள்.

இப்போது சீட்டில் உட்கார்ந்ததும் முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் இறங்கி நிற்கிறது. கையில் எறும்பு இல்லை. வழியில் புளியமரத்தடியில் நின்று இளைப்பாறித்தான் போகிறேன். முன்பு அந்த மரம் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. பைக்கில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கடை கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறது. வாடிக்கைக்காரர்கள் பழகிவிட்டார்கள்.

போன தடவை பாய் அந்தக் கெட்டி ஸ்பிரிங்கைத் தாளில் சுற்றி நீட்டினார். "வச்சுக்கோங்க அண்ணாச்சி. பழைய ஒடம்பு வந்ததும் மாட்டிக்கிடலாம்."

கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"எண்பது கிலோவுல யாராச்சும் வந்தா அவுகளுக்குப் போட்டுக் குடுங்க பாய்."