தொட்டி மூடியும் என் பிடிவாதமும்

சென்னைப் புறநகரான நூம்பலில் எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. கோடை முகாம்களின் கட்டணம் என் மகனுக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே பேத்தி யாழினிக்கும் அண்டை வீட்டுச் சிறுமிகள் இருவருக்கும் நானே ஒரு வேலை கொடுத்தேன். தினமும் காலையில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் நீளக் கழியை இறக்கி நீர்மட்டத்தை அளந்து, எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டு, வரைபடம் போட வேண்டும். மூடியைத் திறந்து மூடுவது என் பொறுப்பு.

ஒருநாள் யாழினியின் பெருக்கலைச் சரிபார்க்கும் முனைப்பில் மூடியை மறந்து படியேறிவிட்டேன். கூச்சல் கேட்டு இறங்கி ஓடினேன். தரைத்தளத்து வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையைத் தொட்டி விளிம்பிலிருந்து வாரியெடுத்து நின்றார் தண்ணீர் லாரி ஓட்டுநர்.

"இன்னா பெர்சு, மூடிய தொறந்து வுட்டுட்டு போய்க்கீறியே? கொயந்த உள்ள வுய்ந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

முப்பதாண்டுகள் கல்லூரியில் பணியாற்றிய என்னை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. அவர் கேட்டது நியாயம். அனைவர் முன்னிலையிலும் குழந்தையின் தாயிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், "இந்த விளையாட்டெல்லாம் இனிமே வேணாம் சார். பசங்கள ஏதாவது கேம்ப்ல சேத்துடுங்க" என்றார்.

"தப்பு பண்ணினது நான். பொண்ணுங்க ஒருநாள்கூட தப்பு பண்ணல. அளக்கறது நிக்காது" என்றேன்.

இப்போது மூடியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகே சிறுமிகளைக் கணக்கு நோட்டைத் திறக்க விடுகிறேன். வரைபடத்தை என் கையொப்பத்துடன் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுகிறேன். பிடிக்காதவர்கள் பார்க்காமல் போகட்டும்.