கம்ப்யூட்டர் மாமா தொடாத பொத்தான்

செருப்புக் கடையில் வேலை பார்க்கும் மனிதருக்குக் கம்ப்யூட்டர் மாமா என்று எப்படிப் பெயர் வந்தது? அவருடைய மனைவியைக் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவாள். ஒரு சுவிட்சினால் வந்தது.

அந்த நாலு மாடிக் குடியிருப்புக்கு அவர்கள் வந்த புதிதில், தரைத்தளத்தில் இருந்த ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் வீட்டில் இன்டர்நெட் போய்விட்டது. மனிதர் கம்பெனிக்கு போன் போட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மோட்டார் அறைச் சாவி கேட்கப் போன நம் ஆள், பேச்சு முடியட்டும் என்று நின்றவர், சும்மா நிற்காமல் மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். மோடத்தின் சுவிட்ச் அணைந்து கிடந்தது. வீடு துடைத்த யாரோ தட்டிவிட்டிருக்க வேண்டும். குனிந்து போட்டார். விளக்குகள் எரிந்தன. தலைமை எழுத்தர் வாய் பிளந்து, "உங்களுக்கு கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

அதற்கு உண்மையான பதில் ஒரே சொல்தான். அதைச் சொல்லாமல் நம் ஆள் லேசாகச் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலத்துக்குள் நாலு மாடிக்கும் ஏறிப் போய்விட்டது.

பிறகென்ன, யார் வீட்டில் நெட் போனாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அவருடைய வைத்தியம் எளிமையானது. மோடத்தை அணைப்பார், வாய்க்குள் ஏதோ எண்ணுவார், மறுபடி போடுவார். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் உதட்டைப் பிதுக்கி, "சர்வர்ல லோடு ஜாஸ்தி. கம்பெனிக்காரன் பார்க்கணும்" என்பார். சர்வர் எங்கே இருக்கிறது, அதில் என்ன லோடு ஏற்றுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார். அவர் கிளம்பும்போதெல்லாம் மனைவி, "டாக்டர் வைத்தியத்துக்குப் போறாரா? பார்த்து, உயிரோட இருக்கறத கொன்னுடாதீங்க" என்று கிண்டல் செய்வாள்.

அவரைச் சும்மா திட்டிவிடவும் முடியாது. பகல் முழுக்க அவருக்கு வேலை தரையில். சின்ன முக்காலியில் உட்கார்ந்து, வந்தவர் காலைப் பிடித்து, ஒரு ஜோடி மாட்டி, கழற்றி, இன்னொரு ஜோடி மாட்டி, அதையும் கழற்ற வேண்டும். அங்கே அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவரவர் காலைத்தான் பார்ப்பார்கள். முதலாளியின் மகன், இவர் பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டிய வயது, "யோவ், எட்டாம் நம்பர் கறுப்பு எடுய்யா" என்பான். குடியிருப்புக்குள் வந்தால், "வாங்க சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிடுவார்கள். அந்த ஒரு "சார்" காதில் விழுந்துவிட்டால் தெரியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மூன்றாம் மாடியில் ஒரு தையற்காரம்மா. கணவர் இல்லை. ஒரே மகள், படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். தையற்காரம்மா இவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வகையில் மகளுக்கு மாமா. அந்தப் பெண்தான் கம்ப்யூட்டர் மாமா என்று முதலில் கூப்பிட்டு, அது மற்றவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைக் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வரும்போது மூன்று மாடியும் தன் தோளில் சுமந்து வந்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய வார விடுமுறை நாள் ஒன்றில், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தையற்காரம்மா படியிறங்கி ஓடி வந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா? காலைல இருந்து நெட்டு வரல. மூணு மணிக்குப் பிள்ளைக்கு இன்டர்வியூ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"பயப்படாதம்மா. நான் எதுக்கு இருக்கேன்?"

வேலை ஒரு சரக்குக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வேலை. அதனால் கம்பெனிக்காரர்கள் தேர்வையும் வீட்டு இணைப்பிலேயே எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதலில் முகம் பார்த்துப் பேச்சு, பிறகு டைப்பிங் சோதனை. அந்தப் பெண் இரண்டு மாதமாகக் கீபோர்டைத் தட்டித் தட்டி விரலைத் தேய்த்திருந்தாள். கண் மங்கிக்கொண்டு வரும் அம்மாவை மெஷினை விட்டு எழுப்பிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

அவர் போனபோது பெண் உள்ளறையில் தலை சீவிக்கொண்டிருந்தாள். அம்மா அவளுடைய மேல்சட்டைக்கு இஸ்திரி போட உள்ளே போனாள். முன்னறையில் அவரும் மோடமும் மட்டும். அணைத்துப் போட்டார். மூன்று விளக்கு எரிந்தது, நாலாவது எரியவில்லை. மறுபடி அணைத்துப் போட்டார். அதே மூன்று. எரியாத அந்த ஒன்று எதற்கான விளக்கு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மோடத்தின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருந்தது. அதை அமுக்கினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று கடையில் யாரோ பேசிக்கொண்டது அவர் நினைவுக்கு வந்தது. தையல் மெஷின் மேலிருந்த ஒரு குண்டூசியை எடுத்துத் துளைக்குள் விட்டு, விளக்கெல்லாம் அணையும்வரை அழுத்திப் பிடித்தார். பிறகு குண்டூசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மோடம் உயிர் பெற்றது. ஆனால் அதுவரை பச்சையாக எரிந்த இன்டர்நெட் விளக்கு இப்போது சிவப்பாக நின்றது. இருந்ததும் போச்சு.

பெண் வெளியே வந்து பார்த்து, "என்ன மாமா, சிவப்பு எரியுது?" என்றாள்.

"கம்பெனிக்காரன் கோளாறும்மா. ஏரியா முழுக்க லைன் போயிருக்கும். காசு மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுது இவனுங்களுக்கு" என்று சத்தமாகவே சொன்னார். சத்தம் போடும்போது கொஞ்சம் தைரியம் வந்தது.

அவள் இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டாள். இருவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாக விளக்கின் நிறம் கேட்டாள், சிவப்பு என்றதும் கொஞ்சம் யோசித்தாள்.

"மேடம், மோடத்துல யாராவது ரீசெட் அமுக்கினாங்களா? அமுக்கியிருந்தா அதுல இருந்த உங்க பேரும் பாஸ்வேர்டும் அழிஞ்சிருக்கும். சொல்லுங்க, இப்பவே ரெண்டையும் தர்றேன். கேபிளெல்லாம் சரியா மாட்டியிருக்கான்னும் பார்த்துட்டு, அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம்."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, ரீசெட் ஏதும் அமுக்கினீங்களா?"

ஐந்தே நிமிடம். கடிகாரத்தில் மூன்றாக இன்னும் அரை மணி இருந்தது. ஆமாம்மா, தெரியாம அமுக்கிட்டேன் என்றால் முடிந்தது. அவருக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் உள்ளேயிருந்து தையற்காரம்மா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, "அண்ணா இருக்காருல்ல, எல்லாம் சரியாயிடும்" என்றபடி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"சேச்சே. அதையெல்லாம் நான் தொடவே இல்லையே."

பெண் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. "இல்லைங்க, யாரும் அமுக்கல" என்று போனில் சொன்னாள்.

"அப்போ லைன்லதான் பிரச்சினை இருக்கணும், மேடம். புகார் பதிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல ஆள் வருவாங்க."

மூன்று மணிக்கு அந்தப் பெண் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அவர் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சார், கேக்குதா? சார்? ஆமா சார், வீட்லதான் சார் இருக்கேன். இன்னிக்கு மட்டும் சார்..." காற்றில் குரல் பாதிதான் வந்தது. கெஞ்சல் மட்டும் முழுசாக வந்தது. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். அழவில்லை. "வீட்டு இணைப்பே சரியில்லைன்னா வேலை எப்படிப் பார்ப்பீங்கன்னு கேட்டாங்கம்மா" என்றாள்.

தையற்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம், "பாவம், எங்களால உங்க லீவு நாளும் வீணாப் போச்சுண்ணா" என்றாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சரியாச்சா?" என்றாள். "கம்பெனி கோளாறு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சாயங்காலம் எழுந்து, சொல்லிவிடுவது என்று முடிவு செய்து படியேறினார். மூன்றாம் மாடிக் கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடியது. கதவைத் தட்டக் கை எழவில்லை. நாளைக்கு வருகிறவன் ஒன்றும் கண்டுபிடிக்காமல் போய்விட்டால் நன்றாயிருக்குமே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகவும் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும் முன்பே தையற்காரம்மாவின் குரல் கேட்டது. "அண்ணா, கம்பெனி ஆள் வந்திருக்காரு. அவர் சொல்றது எங்களுக்கு எங்க புரியும்? நீங்க வந்து நில்லுங்க."

"நேரமாச்சும்மா..."

"போயிட்டு வாங்களேன், கூப்பிடறாங்கல்ல" என்று மனைவியே தள்ளிவிட்டாள்.

கம்பெனி ஆள் அவசரக்காரன். இன்னும் பத்து வீட்டுக்குப் போக வேண்டியவன். லேப்டாப்பை மோடத்தில் மாட்டி எதையோ பார்த்தான். முகம் சுளித்தான். "லைன் நல்லாத்தான் இருக்கு. யாரோ ரீசெட் அமுக்கி எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க" என்று பேரையும் பாஸ்வேர்டையும் போட்டான். சிவப்பு பச்சையானது. பிறகு தன் லேப்டாப்பைக் கழற்றிவிட்டு, மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளின் முனையை எடுத்துப் பார்த்தான். பிடிப்பு உடைந்து நழுவியிருந்தது. புதுக் கேபிள் ஒன்றை மாட்டி டக்கென்று அமுக்கினான். எரியாதிருந்த விளக்கும் எரிந்தது. "முதல்ல இருந்த கோளாறு இவ்வளவுதான். கேபிளைப் பார்த்திருந்தா போதும். போன்லயே கேட்டாங்களாமே, ஏன் அமுக்கலன்னு சொன்னீங்க? யார் அமுக்கினது?"

பெண் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து வயது மனிதர், அடி வாங்கப் போகும் பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவள் பார்த்தது அதைத்தான்.

"நான்தாங்க. தெரியாம அமுக்கிட்டேன்" என்றாள்.

தையற்காரம்மா பொங்கிவிட்டாள். "அடிப்பாவி! உன் கையாலயே கெடுத்துக்கிட்டியா? நேத்து சாயங்காலமே வேற ஆள் எடுத்துட்டோம்னு சொல்லிட்டாங்களே! அண்ணன் அவ்வளவு பாடுபட்டாரு, அவர்கிட்டயும் மறைச்சிட்டு நின்னியே, வெக்கமா இல்ல உனக்கு?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குக் காது இரண்டும் எரிந்தன. அந்த வசவு ஒவ்வொன்றும் அவருக்கானது. வழி தவறிப் போய் ஒரு சின்னப் பெண் மேல் விழுந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் தாங்கவில்லை.

"திட்டாதம்மா. அவ இல்ல. நான்தான் அமுக்கினேன்."

தையற்காரம்மா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது. "பார்த்தியாடி! உன்னைத் திட்டக் கூடாதுன்னு பழியைத் தன் தலைல போட்டுக்கறாரு. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

"இல்லம்மா, நெஜமாவே..."

"சும்மா இருங்கண்ணா, எனக்குத் தெரியாதா உங்களை? இருங்க, டீ போடறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கம்பெனி ஆள், "நல்ல மாமா" என்று சிரித்தபடி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முன்னறையில் அவரும் அந்தப் பெண்ணும் மட்டும். இன்னொரு தடவை உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம், உரக்கச் சொல்லியிருக்கலாம். முதல் தடவை வந்த சொல் இரண்டாம் தடவை வரவில்லை. அதைவிடக் கேவலம், கூடப் பிறந்தவன்கூட என்று தையற்காரம்மா சொன்னபோது உள்ளுக்குள் ஒரு மூலையில் இனித்தது. அது அவருக்கே தெரிந்தது.

"மாமா" என்றாள் பெண். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். "எனக்காக ஒண்ணு செய்வீங்களா?"

"சொல்லும்மா. என்ன வேணும்னாலும் சொல்லு."

"இனிமே அம்மா கூப்பிட்டா, வேலை இருக்குன்னு சொல்லிடுங்க."

அவர் தலையாட்டினார்.

உள்ளேயிருந்து தையற்காரம்மா, "அண்ணாவுக்குச் சர்க்கரை எவ்வளவுடி போடணும்?" என்று கேட்டாள்.

"மாமா கிளம்பிட்டாரும்மா" என்று பெண் பதில் சொன்னாள். அவர் இன்னும் அவள் எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.