ஏழாவது அசைவு

என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் அது அடங்கியிருந்தது. அடங்காதது மறதிதான். நாற்பதைத் தாண்டியபின் குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பது மறந்தது. பிறகு அடுப்பில் குழம்பு இருப்பதே மறந்தது. சனிக்கிழமை தவறாமல் சிங்கவரம் மலைப்படி ஏறிப் பெருமாளிடம் நான் கேட்டதெல்லாம், அவளுக்கு நினைவு நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான்.

அந்த வருஷம் அதற்கு அவசரமும் வந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். வல்லத்திலிருந்து வந்த சம்பந்தியம்மா, என் மனைவி ஒரே காப்பிக்கு இரண்டு தடவை சர்க்கரை போட்டதைப் பார்த்துவிட்டார். கிளம்பும்போது வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. பச்சப்புள்ளய கால்ல போட்டுத் தண்ணி ஊத்தணும். பாதியில மறந்துட்டு எழுந்து போயிட்டாங்கன்னா இன்னா பண்றது?"

அந்த வாரமே என் மனைவியைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கும் டாக்டர், பயிற்சி சொல்லித் தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். சீன தேசத்தில் காலங்காலமாகச் செய்கிறார்களாம். மூச்சை நிதானமாக விட்டு, மனசை அதிலேயே நிறுத்தி, வரிசை மாறாமல் எட்டு அசைவுகள். முதலாவது, இரண்டு கையையும் கோத்து வானத்தைத் தாங்குவது. இரண்டாவது, வில் இழுப்பது. ஏழாவது, கைவிரல்களை இறுக மூடி முன்னால் நீட்டி, கண்ணை உருட்டிக் கோபமாகப் பார்ப்பது.

"மறதிக்கு உதவுதான்னு இப்பதான் பாத்துட்டு வர்றாங்க. கண்டிப்பா சரியாயிடும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா மாத்திரைய ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது" என்றாள் அந்தப் பெண்.

தினமும் விடிந்ததும் வாசல் தெளித்த கையோடு வேப்பமரத்தடியில் நின்று என் மனைவி அதைச் செய்வாள். நான் பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்வேன். முதல் மாதம் மூன்றாவதுக்கு மேல் போகவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள், கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குத் தண்ணீர் கட்டும் யோசனையில் நான் "அஞ்சாவது" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாங்க நீங்க, நாலாவது இன்னும் செய்யவே இல்லியே" என்றாள்.

என்னை அவள் திருத்தினாள். அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை, நான் மலையேறிவிட்டு வந்தேன். குழம்பிலும் உப்பு சரியாக இருக்க ஆரம்பித்தது. பயிற்சியாலா பெருமாளாலா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பால் ஊற்ற வந்த பெண் வேலி ஓரமாக நின்று ஏழாவது அசைவைப் பார்த்துவிட்டாள். கண் உருண்டிருக்கிறது, கை மூடியிருக்கிறது, மூச்சு புஸ்புஸ் என்று வருகிறது, நிற்பதோ வேப்பமரத்தடி. தெருவெல்லாம் பரவிவிட்டது, என் மனைவிமேல் அங்காளம்மா இறங்கியிருக்கிறாள் என்று. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போகிற என் அக்கா குங்குமத்தோடு ஓடிவந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் எலுமிச்சம்பழத்தோடு நான்கு பெண்கள் வாசலில் நின்றார்கள்.

ஒருத்தி தன் ஆடு காணாமல்போனதைக் கேட்டாள். என் மனைவி பாவம், உள்ளதைச் சொன்னாள்.

"எதை எங்க வெச்சேன்னு எனக்கே தெரியல. உன் ஆட்ட நான் எங்கம்மா போயி தேடுவேன்?"

"தேட வேணாம்னு அம்மாவே சொல்லிட்டா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள் அவள். சாயங்காலம் ஆடு தானாக வீடு வந்து சேர்ந்தது. அதற்குப்பின் யாரையும் நிறுத்த முடியவில்லை.

நிறுத்த முடியவில்லை என்று எழுதுவதும் பொய். நான் நிறுத்தவில்லை. இது சீனத்துப் பயிற்சி, டாக்டர் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டை "வலிப்புக்காரி வூடு" என்று சொன்ன தெரு, இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவளை "அம்மா" என்றது. அது எனக்கு இனித்தது. கொஞ்சநாளில் நானும் பாதி நம்பினேன்.

ஆடி பிறந்ததும் அக்கா சொன்னாள்: "தம்பி, சாமி வர்ற ஒடம்புடா அது. இங்கிலீஷ் மாத்திரைய உள்ள தள்ளுனா அவ எப்பிடி தங்குவா? அமாவாச வரைக்கும் நிறுத்திப் பாரு."

மாத்திரையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டியவன் நான்தான்.

"மாத்திர போட்டனாங்க?" என்று அவள் தினமும் கேட்டாள். "போட்டுட்ட" என்றேன். அவளுடைய மறதி அப்போது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வில் இழுக்கக் கை நீட்டியவள் அப்படியே விழுந்தாள். ஒரு வலிப்பு விட்டதும் அடுத்தது, அது விட்டதும் இன்னொன்று. வாசலில் இருந்த பெண்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான்தான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது மாத்திரை தீர்ந்துபோயிற்று என்று சொன்னேன். அங்காளம்மாவுக்குச் செய்ததில் ஏதோ குறை என்றாள் அக்கா. எலுமிச்சம்பழத்தோடு யாரும் அதன்பின் வரவில்லை.

வீடு திரும்பியவளுக்கு எட்டில் ஒன்றும் நினைவில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தினால், "இங்க எதுக்கு நிக்கறோம்?" என்று கேட்டாள்.

பிரசவம் வல்லத்தில் சம்பந்தி வீட்டிலேயே நடந்தது. பேரன். பதினாறாம் நாள் பார்க்கப் போனோம். என் மகள் குழந்தையைக் கொண்டுவந்து தன் அம்மாவின் மடியில் வைத்தாள். சம்பந்தியம்மா குழந்தையின் தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்தார். குழந்தை நெளிந்து, இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு, கண்ணை உருட்டி என் மனைவியை முறைத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். முகம் தெளிந்தது.

"ஏழாவது" என்றாள்.

"இன்னாமோ பேசறாங்களே" என்று சம்பந்தியம்மா குழந்தையை எடுத்துக்கொண்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.