பெட்டிக்குள் போன கார்... கூடவே நானும்!

போன செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? எண்ணூர் போகிற வழியில் ஒரு யார்டில், இருபதடி இரும்புக் கன்டெய்னருக்குள், என் சொந்தக் காரில், ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். முன்னால் இரும்புச் சுவர். இரண்டு பக்கமும் இரும்புச் சுவர். வெளியே வர வழி இல்லை.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஒன்றரை மாதமாக இந்தப் பக்கத்தில் என்னோடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் உங்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக... நானும் மனைவி சுகந்தியும் எங்கள் காரிலேயே லாவோஸ் வரை போய்விடுவது என்று கிளம்பினோம். நேபாளமும் பூடானும் ஆயிற்று. அடுத்து மியான்மர் வழியாகத் தாய்லாந்து போவதாகத் திட்டம். அந்த எல்லை மூடிக்கிடக்கிறது. அதனால் சென்னைக்குத் திரும்பி, காரைக் கப்பலில் மலேசியாவுக்கு அனுப்புவது, நாங்கள் விமானத்தில் போய் அதைப் பிடித்துக்கொள்வது என்று மாற்றினோம்.

'காரைக் கப்பலில் எப்படி அனுப்புவார்கள்? மொட்டை மாடியில் வடாம் காயவைக்கிற மாதிரி மேல் தளத்தில் நிறுத்திவிடுவார்களா?' என்று திண்டுக்கல் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

இல்லை அம்மா. முதலில் காருக்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டும். கார்னெட் என்று பெயர். சுங்க அதிகாரி வந்து இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் அதில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார். டேங்கில் கொஞ்சூண்டு பெட்ரோல்தான் இருக்க வேண்டும். பிறகு காரைக் கன்டெய்னருக்குள் ஓட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பெல்ட் போட்டுத் தரையோடு இறுக்கிக் கட்டி, கதவைச் சாத்தி சீல் வைத்துவிடுவார்கள். கட்டுகிற வேலைக்கு லாஷிங் என்று பெயர். எங்கள் கன்டெய்னர் அன்று மாலைக்குள் காட்டுப்பள்ளி துறைமுகத்தின் கேட்டைத் தாண்டியாக வேண்டும். விட்டால் அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள்.

இந்தப் பேப்பர் வேலைகளை எல்லாம் எங்களுக்காக ஓடி ஓடிச் செய்தவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர், கிளியரிங் ஏஜென்ட். முத்திரை குத்தி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க இன்னா பண்ணுங்க... சாவியக் குடுத்துட்டு அப்பால நிழல்ல போய் நில்லுங்க. மத்தத நம்ம ஆளு பாத்துப்பாரு."

நம்ம ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, அதற்குப் பக்கத்திலேயே யார்டு பாஸ். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஹோட்டல் வாசலில் வாலே பார்க்கிங் பையன் சாவி கேட்டால், 'நானே போட்டுக்கிறேன் தம்பி' என்று மூன்று தெரு தள்ளிப் போட்டுவிட்டு நடந்து வருகிற ஜென்மம் நான்.

"நானே ஏத்திடறேன்" என்றேன்.

"உள்ள ஓட்டினு போயிடலாம் சார். வெளிய வர்றதுதான் பேஜாரு" என்றார் அந்த ஒல்லி மனிதர். என் ஓட்டுகிற திறமையைச் சந்தேகப்படுகிறாராம்! எனக்குச் சுள்ளென்று வந்தது. இமயமலைக் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே நடத்தினேன். வெளியாள் கன்டெய்னருக்குள் ஏறக்கூடாது, ரூல்ஸ் இருக்கிறது என்று காதர் பாய் சொன்னதற்கு, 'நான் யாரு, என்ன எழுதறேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க' என்கிற தொனியில் ஏதோ சொன்னேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். ஒல்லி மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதர் பாய் பக்கம் திரும்பினார்.

"உடுங்க பாய். சாருக்கு வண்டி மேல பாசம். ஓட்டட்டும். நான் கை காமிச்சிக்கினு முன்னால போறேன்."

என் அலட்டல் அவர் கண்ணுக்குப் பாசமாகத் தெரிந்திருக்கிறது. அவர் மனசு அப்படி.

கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, இரும்புப் பலகை மேல் ஏறி, ஒரு கீறல் இல்லாமல் உள்ளே நிறுத்தினேன். அவர் கார் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நின்று கட்டைவிரல் உயர்த்தினார். பானெட் மேல் தவழ்ந்து, கூரை மேல் ஊர்ந்து பின்பக்கம் போய்விட்டார். நான் ஹேண்ட் பிரேக் போட்டேன். இன்ஜினை நிறுத்தினேன். கம்பீரமாகக் கதவைத் திறந்தேன்.

டொக்!

ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. சுவர். அந்தப் பக்கக் கதவும் அப்படியே. ஜன்னல் வழியாக முயன்றேன். தலை போயிற்று, தோள் போயிற்று, நேபாளத்தில் தின்ற மோமோக் கொழுக்கட்டைகள் எல்லாம் சேர்ந்திருக்கிற இடம் போகவில்லை. மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

உச்சி வெயிலில் இரும்புப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்ஜின் சூடு வேறு. போன் வெளியே நின்ற சுகந்தியிடம். சட்டை தொப்பலாகிவிட்டது. மூச்சு இரைத்தது. காலையில் பி.பி. மாத்திரை போட்டேனா இல்லையா என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். இங்கேயே போய்விடுவோம் என்று நினைத்தேன்.

பின்னால் டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. பின்சீட்டை மடக்கிவிட்டு, அந்த ஒல்லி மனிதர் ஊர்ந்து வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஏதோ டீ குடிக்க வந்த மாதிரி நிதானமாக உட்கார்ந்தார்.

"இன்னா சார், வேர்த்துக்கீது? இன்ஜின்தான் ஆஃப்ல கீதே, அப்பால இன்னா? மூச்ச மெதுவா உடுங்க."

"ரிவர்ஸ் எடுத்துடட்டுமா?"

"வாணாம் சார். கை நடுங்குது பாருங்க. பலகையிலேர்ந்து வீல் எறங்கினா ரெண்டு பேரும் காலி. நான் வந்த வயிலயே போலாம். அவசரமே இல்ல."

அவசரமே இல்லை என்று அவர் சொன்னது பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் என் மூச்சு அடங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு நான் முன்னால் தவழ, அவர் பின்னால் இருந்து தோளைக் கொடுத்துத் தள்ள, டிக்கி வழியாக, ஒற்றைச் செருப்போடு உலகத்துக்கு வந்தேன். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த சுகந்தி என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள்.

சரியாக அந்த நேரத்தில் சூப்பர்வைசர் வந்து நின்றார். முப்பது வயதுகூட இருக்காது.

"யாரைக் கேட்டு வெளியாளை உள்ள விட்டீங்க? அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? யார் பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? நூற்றுக்கு நூறு சரி.

"நான்தான் சார் கூப்ட்டேன்" என்றார் ஒல்லி மனிதர். "கியர் லாக்கு ஒண்ணு புரியல. வந்து காட்டுங்கன்னு நான்தான் சாரை ஏத்தினேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சூப்பர்வைசர் கையை நீட்டினார். ஒல்லி மனிதர் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிக் கொடுத்தார்.

காதர் பாய் என்னை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னார்: "அந்த பாஸ் இல்லன்னா இந்த ரோட்டுல எந்த கேட்லயும் உள்ள உட மாட்டாங்கோ சார். வேலையே இல்ல. ஆனா நீங்க இப்ப வாயத் தொறக்காதீங்க. தொறந்தா ரிப்போர்ட்டு, விசாரணை, வண்டிய வெளிய எடுத்து மறுக்கா செக்கிங்... கப்பல் போயிடும். இப்ப வேற ஆள வெச்சிக் கட்டி, சீல் வெச்சி அனுப்பிடலாம். அவர் கதைய நான் அப்பால பேசிக்கறேன்."

இந்த இடத்தில் நான் உடனே முன்னே போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. நின்றேன். தாய்லாந்து பர்மிட் தேதியைக் கணக்குப் போட்டேன். மலேசியாவில் புக் செய்திருந்த அறையை நினைத்தேன். அந்த மனிதர் வெறும் கழுத்தோடு பெல்ட்டுகளைச் சுருட்டிவைக்கத் தொடங்கிவிட்டார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை, ஒரு பார்வைகூட இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று பார்க்காமல் இருந்தார் போல.

"என்னங்க..." என்றாள் சுகந்தி. அவ்வளவுதான் சொன்னாள்.

போனேன். "அவர் சொல்றது பொய் சார். நான்தான் அடம்பிடிச்சேன்" என்றேன். காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க. ஆனா உங்க கன்டெய்னர் இன்னிக்குப் போகாது."

வாராவாரம் இத்தனை பத்தி எழுதுகிறவனுக்கு நாலு வரி வராதா? வந்தது. 'காரைக் கன்டெய்னருக்குள் ஓட்டியது நான். வேண்டாம் என்று சொன்னார்கள், நான் கேட்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட என்னைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தவர்...' அதோடு பேனா நின்றுவிட்டது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது.

உயிர் போகிற நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனிதர். எனக்காகப் பொய் சொல்லிப் பிழைப்பைக் கழற்றிக் கொடுத்த மனிதர். பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. எழுந்து போய்க் கேட்டேன்.

"அருள்தாஸ் சார். ராயபுரம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் சார் சொன்னீங்க? நான் எப்டியாச்சும் சமாளிச்சிருப்பேன். ஒங்க கப்பல் பூட்ச்சே!" என்று வருத்தப்பட்டார். பாஸ் போனவர் என் கப்பலுக்காக வருத்தப்படுகிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கப்பல் போய்விட்டது. மலேசியாவிலிருந்து வந்திருக்க வேண்டிய இந்தப் பத்தி, ராயபுரத்தில் ஒரு லாட்ஜிலிருந்து வருகிறது. புதன், வியாழன், வெள்ளி... மூன்று நாளும் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். 'முடிவாகலை' என்பதுதான் பதில். அந்த மூன்று நாளும் அருள்தாஸ் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லாட்ஜ் கதவு தட்டப்பட்டது. மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்திருக்கிறார் அருள்தாஸ். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கழுத்தில் சிலுவை, பக்கத்திலேயே பாஸ்!

"நேத்து சாயங்காலம் குடுத்துட்டாங்க சார். இனிமே இப்டி பண்ணாதன்னு வார்னிங்கு. ஒங்க லெட்டர எல்லாரும் படிச்சாங்களாம்." கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். என் இடது கால் செருப்பு. சீட்டுக்கு அடியில் கிடந்ததாம்.

நான் எழுதியதிலேயே உருப்படியானது எது என்று இனி யாராவது பேட்டியில் கேட்டால், அந்த நாலு வரியைத்தான் சொல்வேன்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்: "அடுத்த கப்பலுக்கு வண்டிய யாரு சார் ஏத்தறது?"

அவர் முடிப்பதற்குள் சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன்.

அவர் படியிறங்கிப் போன பிறகு சுகந்தி நிதானமாகச் சொன்னாள்: "லைசென்ஸ் எடுத்து இருபத்தாறு வருஷமா நானும் இதே சாவியைத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

நியாயம்தான். தாய்லாந்து எல்லை தாண்டியதும் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்... அநேகமாக.