கிராம்புக் கன்றுகளின் மூட்டில் ஊற்றிய மருந்து

குலசேகரத்தில் ரப்பருக்கு நடுவே வளர்ந்தவனுக்கு மண்ணில் வெள்ளையாக எதைக் கண்டாலும் கை மருந்தைத் தேடும். ரப்பர் வேரில் வெள்ளைப் பூசணம் ஏறினால் மரம் நின்ற நிலையில் சாகும். பக்கத்து மரத்தையும் விடாது. எனக்குத் தெரிந்த பூசணம் அது ஒன்றுதான்.

தம்பி சவூதிக்குப் போகும்முன் தன் பங்கு நிலத்தில் கிராம்பு நட்டான். அது பூக்கத் தொடங்கினால் ஊரோடு வந்துவிடுவது அவன் எண்ணம். கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

ஒரு மழைக்குப் பிறகு சருகைக் கிளறினேன். அடியில் வெள்ளை நூல் நூலாக ஓடியது. யாரிடமும் கேட்கவில்லை. ரப்பருக்கு ஊற்றுகிற மருந்தையே கலக்கி ஒவ்வொரு கன்றின் மூட்டிலும் வேர் நனைய ஊற்றினேன். ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை. சருகை வாரித் தீயும் வைத்தேன். பெருமையாக அவனுக்குப் போட்டோ அனுப்பினேன்.

கன்றுகள் சாகவில்லை. வளரவும் இல்லை. உரம் போட்டும் ஒரு வருடமாக முட்டளவிலேயே நின்றன.

கடைசியில் விவசாய அலுவலகத்துப் பெண் அதிகாரி வந்து பார்த்தார். நான் கண்ட நூல் சருகை மட்க வைப்பதாம், கேடில்லாதது. கன்றுக்குத் துணை வேறொரு பூசணமாம். வேருக்குள் குடியிருந்து, வேர் எட்டாத இடத்துச் சத்தை இழுத்துக் கொடுக்குமாம்; பதிலுக்குச் செடி இலையில் செய்த சர்க்கரையைக் கொடுக்குமாம். அது கண்ணுக்கே தெரியாது, உங்கள் மருந்தில் அதுவும் செத்திருக்கும் என்றார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. இதை முன்னாலேயே வந்து சொல்லித் தொலைத்தால் என்ன?

தம்பி லீவில் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை.

"ஒண்ணுக்கொண்ணு குடுத்து வாங்கி ஒழுங்கா கெடந்துது. நீ போலீஸ்காரன் மாதிரி உள்ள பூந்து கொன்னுபோட்ட."

"ஒனக்க நல்லதுக்குத்தான் செஞ்சேன் மக்கா."

"போட்டோ அனுப்பத் தெரிஞ்சுதுல்லா. ஊத்துகதுக்கு முன்னால ஒரு போன் போட்டியாண்ணே?"

மருந்து படாத மண் என் பங்கிலிருந்த பலாமரத்தடியில்தான் இருந்தது. அதை எடுத்துக் கன்றுகளுக்குப் போட்டால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அவன் கூடையோடு வந்து வெட்டினான். நான் தூக்கிவிடப் போனேன். தள்ளி நிற்கச் சொன்னான். எல்லாக் கன்றுக்கும் தானே சுமந்தான்.

லீவு முடிந்து மறுபடி சவூதிக்கே போனான். தோட்டத்தைத் தன் மனைவியின் தம்பியிடம் ஒப்படைத்திருக்கிறான். அந்தப் பயலுக்கு வாழை நடக்கூடத் தெரியாது.